நம்பர் 4 (டி) ஸ்னைப்பர் துப்பாக்கி: முத்திரைகளை வாசிப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் படையும் காமன்வெல்த் படைகளும் கையாண்ட, லீ-என்ஃபீல்டு வகையைச் சேர்ந்த நம்பர் 4 மார்க் 1 (டி) துப்பாக்கியைச் சேகரிப்பவர்கள் செய்யும் பிழைகளில் பெரும்பாலானவை, ஒற்றை முத்திரையைக் கண்டதும் முடிவுக்கு வந்துவிடுவதால் நேர்பவை. இது ஒரே கூரையின் கீழ் உருவான துப்பாக்கி அன்று. பெரும்பகுதி பர்மிங்ஹாமுக்கு அருகில் ஷெர்லியிலிருந்த பி.எஸ்.ஏ. தொழிற்சாலையில் செய்யப்பட்டது, குறி தவறாமல் சுடுபவை எனத் தேர்ந்தவை மட்டும் 1942 முதல் லண்டனின் ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் நிறுவனத்துக்குப் போயின. ரிசீவரின் (துப்பாக்கியின் இயங்கு பாகங்களைத் தாங்கும் உலோக உடலின்) இடப்பக்கத்தில் இரண்டு எஃகுத் தாங்கிகளைப் பொருத்தியதும், கன்னம் பதிய மரக்கட்டை வைத்ததும், மும்மடங்கு பெரிதாகக் காட்டும் நம்பர் 32 தொலைநோக்கியை ஏற்றியதும் அங்கேதான்.

ஆகவே, 'டி.ஆர்.', 'டி', 'எஸ் 51' ஆகிய மூன்றையும் ஒரே பொருளில் வாசிப்பது முதல் தவறு. 'டி.ஆர்.' அந்தத் துப்பாக்கி தேர்ந்தெடுக்கப்பட்டதை மட்டுமே சொல்கிறது. ரிசீவரின் இடப்பக்கத்தில் உள்ள 'டி', தொலைநோக்கிக்கான வேலை முடிந்ததைக் குறிக்கிறது. அடிக்கட்டைக் கழுத்தின் (கை பற்றும் ஒடுங்கிய மரப்பகுதியின்) கீழ்ப்புறத்தில் காணப்படும் 'எஸ் 51', நிறுவனத்தின் பெயரை வெளிப்படையாகப் பொறிக்காமல் போர்க்காலத்தில் வழங்கிய ஹாலண்ட் அண்ட் ஹாலண்டின் குறியீடு. இந்த மூன்று எழுத்துக்குறிகளையும் இன்று எவரும் அச்சுளி கொண்டு அடித்துவிட முடியும் என்பதால், அவற்றைச் சான்றின் தொடக்கமாகக் கொள்ளலாமே தவிர முடிவாகக் கொள்ளக் கூடாது. பின்பார்வைத் தகட்டையும் பாருங்கள்: தொலைநோக்கிக்கு இடம் விடுவதற்காக, அதில் விரைந்து குறிபார்ப்பதற்காக இருந்த போர்க்காட்சித் துளையை அரைத்து நீக்கியிருப்பார்கள்.

எண்களே மிகுதியாகப் பேசுகின்றன. மிகுதியாகச் சிதைக்கப்படுவதும் அவைதாம். துப்பாக்கியின் வரிசை எண் தொலைநோக்கியைத் தாங்கும் பிராக்கெட்டில் இருக்கும். தொலைநோக்கியின் எண் அடிக்கட்டைக் கழுத்தின் மேற்புறத்தில், சுடுபவரின் கட்டைவிரல் படியும் இடத்தை ஒட்டி, மரத்தில் அடிக்கப்பட்டிருக்கும். இரண்டும் ஒன்றையொன்று சாட்சி சொல்லும்படி அமைந்த ஏற்பாடு இது. உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால், உண்மையான எண்ணின் அடியில் மர நார்கள் நசுங்கிக் கிடக்கும். பல்லாண்டு எண்ணெயும் அழுக்கும் இலக்கங்களின் மூலைகளில் கறுத்துப் படிந்திருக்கும். கட்டையைப் பளபளப்பாக்க வேண்டும் என்று ஒருவர் உப்புத்தாளை எடுத்துத் தேய்த்தால் பத்து நிமிடத்தில் இது போய்விடும். பிறகு எந்த மெருகும் அதைத் திருப்பித் தராது. எனக்கு மிகவும் வேதனை தரும் இழப்பு இதுதான்.

அதே கழுத்தில் ஓர் எண்ணைக் கோடிட்டு அடித்துவிட்டு வேறோர் எண்ணைப் பொறித்திருந்தால், அதைப் போலி என்று ஒதுக்கிவிடாதீர்கள். தொலைநோக்கி பழுதாகும்போது படையின் ஆயுதப் பணியாளர்கள் வேறொன்றைப் பொருத்தி, பழைய எண்ணை அடித்துப் புதிய எண்ணை எழுதியது வழக்கமான நடைமுறை. முந்தைய எண் தெரியும்படி விடப்பட்டிருப்பதே அதன் நேர்மையைக் காட்டுகிறது. சந்தேகிக்க வேண்டியது, பழையது முழுவதும் சுரண்டப்பட்டு, கூர்மை மாறாத இலக்கங்களோடு புதியது மட்டும் நிற்கும் கட்டையைத்தான்.

படை செய்த புதுப்பிப்பையும் வணிகர் செய்த புதுப்பிப்பையும் ஒன்றாக எண்ணுவது அடுத்த பிழை. 'எஃப்.டி.ஆர்.' என்ற பொறிப்பு, தொழிற்சாலையில் முழுமையாகப் பழுதுபார்க்கப்பட்டதற்கான அடையாளம். போருக்குப் பிந்தைய புதுப்பிப்பில் உலோகத்தின் மேல் பூசப்பட்ட கறுப்பு வண்ணத்தைப் போர்க்காலத்துக்குப் பொருந்தாதது என்று கருதி உரித்தெடுப்பவர்கள், அந்தத் துப்பாக்கியின் பிற்காலப் பணி வரலாற்றையே உரித்துவிடுகிறார்கள். வங்காளத்தின் இஷாப்பூர் தொழிற்சாலை வழியாக வந்த லீ-என்ஃபீல்டுகளில், முன்கட்டையை ஊடுருவிச் செல்லும் குறுக்குத் திருகு காணப்படுவதுண்டு. கட்டையை வலுப்படுத்தச் செய்த அதை, யாரோ பின்னாளில் செய்த ஒட்டுவேலை என்று அடைத்து மறைக்கத் தேவையில்லை.

1970 முதல் இங்கிலாந்தின் என்ஃபீல்டு ஆயுதத் தொழிற்சாலையில் இந்த (டி) துப்பாக்கிகளில் பலவற்றுக்கு 7.62 மில்லிமீட்டர் குழல் மாட்டப்பட்டு, எல் 42 ஏ 1 என்ற புதிய பெயர் இடப்பட்டது. பழைய 'டி' முத்திரை அதில் தொடர்ந்து இருப்பதைக் கண்டு, குழலை மாற்றிப் பழைய .303 அங்குலக் குழல் வடிவத்துக்கு 'மீட்டெடுக்க' முனைகிறவர்கள், படையே நிகழ்த்திய மாற்றத்தை அழித்து, எந்த ஆண்டிலும் பணியில் இருந்திராத ஒரு துப்பாக்கியைச் செய்து வைக்கிறார்கள்.