பழைய செடான் காரின் மைலேஜ் குறையும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பல ஆண்டுகள் ஓடிய குடும்பக் கார் வழக்கத்தைவிட அதிகமாகப் பெட்ரோல் குடிக்கத் தொடங்கினால், சிலர் வண்டிக்கு வயதாகிவிட்டது என்று விட்டுவிடுகிறார்கள். வேறு சிலர் காரணம் தெரியாமலேயே பாகங்களை ஒவ்வொன்றாக மாற்றுகிறார்கள். இரண்டுமே வீண்செலவில்தான் முடியும். ஒழுங்காகப் பராமரிக்கப்பட்ட எஞ்சின் வயதின் காரணமாக மட்டும் சட்டென்று மைலேஜை இழந்துவிடாது.

தவறு பெரும்பாலும் அளப்பதிலேயே தொடங்குகிறது. டேங்கின் வடிவம் ஒரே சீராக இல்லாததால், பெட்ரோல் முள் எவ்வளவு இறங்கியது என்பதை வைத்துக் கணக்கிடுவது ஏமாற்றத்தையே தரும். பம்ப் தானாக நிற்கும் வரை டேங்கை நிரப்பி, ஓடோமீட்டர் அளவைக் குறித்துக்கொண்டு, முடிந்தவரை அதே பம்பில் மீண்டும் அதேபோல் நிரப்பி, ஓடிய தூரத்தை இரண்டாம் முறை பிடித்த லிட்டரால் வகுக்க வேண்டும்: 456 கிலோமீட்டருக்கு 38 லிட்டர் பிடித்தால் மைலேஜ் லிட்டருக்கு 12 கிலோமீட்டர். ஒரு முறை அளந்ததை வைத்து முடிவுக்கு வரக் கூடாது. பெரிய அளவு டயர் மாட்டியிருந்தால் ஓடோமீட்டர் தூரத்தைக் குறைத்துக் காட்டும் என்பதால், குறையாத மைலேஜும் குறைந்ததுபோல் தோன்றும்.

பலரும் கவனிக்கத் தவறுவது, எஞ்சின் சூடாகும் வரை கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) ரேடியேட்டருக்குப் போகாமல் தடுக்கும் வால்வான தெர்மோஸ்டாட். அது திறந்த நிலையிலேயே சிக்கிக்கொண்டால் கூலன்ட் இடைவிடாமல் ரேடியேட்டருக்குப் போய், எஞ்சின் உரிய சூட்டை எட்டாமலே ஓடும். எஞ்சின் இன்னும் குளிர்ந்திருப்பதாகக் கருதும் கட்டுப்பாட்டுக் கணினி, கூடுதலாகப் பெட்ரோலைச் செலுத்திக்கொண்டே இருக்கும். நெடுஞ்சாலையில் அரை மணி நேரம் ஓடிய பிறகும் சூட்டு முள் வழக்கமான இடத்துக்கு வரவில்லையென்றால், வேறெதையும் மாற்றுவதற்கு முன் இதைச் சோதிக்கச் சொல்லுங்கள். சூடு ஏறவில்லையே என்று மகிழ்வது தவறான நிம்மதி.

பிரேக் பிடிப்பு முழுதாக விடாமல் உராய்ந்துகொண்டிருப்பதும் பழைய வண்டிகளில் அடிக்கடி காணும் கோளாறுதான். அதிகம் பிரேக் அழுத்தாமல் ஓட்டி வந்து நிறுத்தியதும் நான்கு வீல்களின் அருகிலும் கையைக் கொண்டுபோய்ப் பார்த்தால், உராயும் வீலில் மட்டும் அனல் அடிப்பது தொடாமலே தெரிந்துவிடும்.

ஏர் ஃபில்டரின் மீது பழி போடுவது பழக்கமாகிவிட்டது. கணினி இல்லாமல் காற்றையும் பெட்ரோலையும் கலக்கும் பழைய கார்புரேட்டர் வண்டியில் அது நியாயமே. கணினி அளந்து பெட்ரோலைச் செலுத்தும் ஃபியூவல் இன்ஜெக்ஷன் வண்டியிலோ, வரும் காற்றுக்கேற்ப பெட்ரோலும் குறைக்கப்படுவதால், அடைத்த ஃபில்டர் இழுவையைக் குறைக்குமே தவிர மைலேஜைப் பெரிதாகப் பாதிக்காது. மாறாக, நெடுங்காலம் மாற்றாத ஆக்சிஜன் சென்சாரும் (வெளியேறும் புகையிலுள்ள ஆக்சிஜனை அளப்பது) தேய்ந்த ஸ்பார்க் பிளக்குகளும் உண்மையிலேயே பெட்ரோலை வீணாக்கக்கூடியவை.

டயர் காற்றை வண்டி ஓடிச் சூடேறிய பிறகு பார்ப்பதும், டயரின் பக்கவாட்டில் அச்சிட்டுள்ள உச்ச அளவுக்கு நிரப்புவதும் சரியல்ல. ஓட்டுநர் கதவோரம் ஒட்டியுள்ள அளவே அந்த வண்டிக்குரியது.

இறக்கத்தில் நியூட்ரலில் விட்டால் பெட்ரோல் மிச்சமாகும் என்ற நம்பிக்கையை இன்ஜெக்ஷன் வண்டி வைத்திருப்பவர்கள் கைவிட வேண்டும். கியரில் இருக்கும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் பெட்ரோல் பெரும்பாலும் முழுதாக நிறுத்தப்படுகிறது. நியூட்ரலிலோ எஞ்சின் அணையாமலிருக்கப் பெட்ரோல் செலவாகிக்கொண்டே இருப்பதுடன், எஞ்சினின் பிடிப்பும் போய்விடுவதால் பிரேக் மட்டுமே துணை.

நிறுத்திய வண்டியைச் சுற்றிப் பெட்ரோல் வாடை அடித்தால் மைலேஜ் கணக்கை ஒதுக்கிவைத்துவிட்டு, வண்டியை மீண்டும் ஸ்டார்ட் செய்யாமல், மெக்கானிக்கை வண்டி இருக்கும் இடத்துக்கே அழையுங்கள்.