காடைக்கு வந்த ரத்தக்கழிச்சலும் ஈரக் கூளமும்

மூன்று வார வயதுக் காடைகள் சிலிர்த்துக்கொண்டு ஓரமாக ஒடுங்கி நின்றன. எச்சத்தில் பழுப்பும் சிவப்புமாகச் சளி. செத்த ஒன்றைக் கால்நடை மருத்துவர் அறுத்துக் காட்டினார்: இரண்டு குருட்டுக்குடலும் புடைத்து, உள்ளே கட்டிய ரத்தம், சிறுகுடல் சுவர் தடித்துப் புள்ளி புள்ளியாக இருந்தது. எச்சத்தை நுண்ணோக்கியில் பார்த்ததும் கோக்சிடியா என்று உறுதியாயிற்று. இது பாக்டீரியா இல்லை, ஒரு செல் ஒட்டுண்ணி. அதனால் கண்ட ஆன்டிபயாட்டிக்கையும் கலக்கிக் கொடுப்பது வெட்டிச் செலவு.

அவர் எழுதித் தந்த ஆம்ப்ரோலியத்தைக் குடிநீரில் கொடுத்தேன். அந்த நாட்களில் பி காம்ப்ளெக்ஸ் டானிக் வேண்டாம் என்றார். அந்த மருந்து வைட்டமின் பி1 போல நடித்துத்தான் கிருமியை ஏய்க்கிறது. நாமே பி1 ஊற்றினால் மருந்து வேலை செய்யாது.

ஆனால் மருந்தைவிடப் பெரிய வேலை தரையில் பரப்பிய உமிக் கூளத்தில்தான். எச்சத்தில் விழும் அந்த ஒட்டுண்ணியின் முட்டைக்கூடு ஈரமும் சூடும் கிடைத்தால் ஓரிரு நாளில் நோய் பரப்பத் தயாராகிவிடும். ஒழுகிய தண்ணீர்த் தட்டைச் சுற்றி உமியைக் கையில் பிடித்தால் உருண்டை நின்றது. அதை அள்ளி எறிந்துவிட்டுப் புது உமி போட்டேன். சுண்ணாம்பு அந்தக் கூட்டைக் கொல்லாது, ஈரத்தைத்தான் இழுக்கும். அதற்காகவே கிளறித் தூவினேன். அப்புறம் தட்டைக் கம்பி வலை மேடையில் ஏற்றிவிட்டேன்.