காப்பி அடிக்கிறத பத்தி நாம போடுற தப்பு கணக்கு

"குரங்கு மாதிரி காப்பி அடிக்காத"ன்னு ஈசியா சொல்லிடுறோம், ஆனா காப்பி அடிக்கிறதுல குரங்கு சிம்பன்சி எதுவும் மனுஷன்கிட்ட நிக்க முடியாது. 2005ல ஹார்னர், வைட்டன்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் ஒரு பெட்டிய திறந்து காட்டினாங்க, நடுவுல தேவையே இல்லாம குச்சியால தட்டியும் காட்டினாங்க. பெட்டி கண்ணாடி மாதிரி உள்ள தெரியும்போது சிம்பன்சிங்க அந்த தட்டுறத விட்டுட்டு நேரா தீனிய எடுத்துச்சு, மூணு நாலு வயசு குழந்தைங்க அப்பவும் தட்டிகிட்டே தான் இருந்தாங்க.

இத படிச்சிட்டு அப்போ சிம்பன்சி தான் ஸ்மார்ட்னு முடிவு பண்றாங்க பாருங்க, அங்க தான் தப்பு. காரணம் புரியாமலே அப்படியே செய்றது சில நேரம் உயிர காப்பாத்தும்.

1861ல ஆஸ்திரேலியாவுல பர்க், வில்ஸ், கிங்னு நாடு தேடி பயணம் போன மூணு பேர் கூப்பர் க்ரீக்ங்கிற ஓடை பக்கம் சாப்பாடு தீர்ந்து மாட்டிகிட்டாங்க. அங்க இருந்த யாண்ட்ருவாந்தாங்கிற பூர்வகுடி மக்கள் நார்டூன்னு ஒரு செடியோட விதை மாதிரி இருக்கிறத மாவாக்கி சாப்பிடுவாங்க (நம்ம ஆரைக்கீரையோட சொந்தக்கார செடி தான், நாம இலைய சமைக்கிறோம்). அதுல வைட்டமின் பி1ஐ அழிக்கிற என்சைம் இருக்கு. அந்த மக்கள் வறுத்து, தண்ணி விட்டு அரைச்சுன்னு அந்த என்சைமோட வீரியத்த குறைக்கிற ஒரு பக்குவம் வச்சிருந்தாங்க, எதுக்குன்னு கேட்டா வைட்டமின் கதையா சொல்லியிருப்பாங்க? பர்க் கூட்டம் எத பொறுக்கணும்னு மட்டும் கத்துகிட்டு பக்குவத்த முழுசா கத்துக்கல, போதாக்குறைக்கு மீன் கொடுத்து உதவினவங்கள பர்க் துப்பாக்கிய வச்சு விரட்டிட்டார். வயிறு நிறையுது ஆனா உடம்புல தெம்பே இல்லன்னு வில்ஸ் எழுதி வச்சிருக்கார். பர்க்கும் வில்ஸும் செத்துட்டாங்க, அந்த மக்களோட போய் சேர்ந்த கிங் மட்டும் பிழைச்சார். பட்டினியோட இந்த பி1 குறைபாடும் சேர்ந்து தான் கொன்னிருக்கும்னு பின்னாடி வந்த ஆராய்ச்சியாளர்கள் சொல்றாங்க.

அதனால காரணம் சொல்லத் தெரியலன்னா அது மூடநம்பிக்கைன்னு உடனே தூக்கி போடாதீங்க. அதுக்காக பாட்டி சொன்னதெல்லாம் சயின்ஸுன்னு ஃபார்வர்ட் பண்றதும் தப்பு தான், தேவையில்லாத தட்டலும் கூடவே காப்பி ஆகி வரும்ல. ஒரு ஸ்டெப்ப விட்டா கெடுதல் அன்னைக்கே தெரியும்னா தாராளமா விட்டு பாருங்க, நார்டூ மாதிரி வாரக்கணக்குல மெதுவா கொல்ற விஷயத்துல அந்த டெஸ்ட் வேலைக்கு ஆகாது.