சித்திரையும் டைட்டனும்: நிறமாலைக்குள் பூமி புகுந்துவிடும் இடங்கள்

வடக்கு அரைக்கோளத்தில் எழுதப்பட்ட கையேடுகளில் சித்திரை நட்சத்திரம் தெற்கே தாழ்வாகத் தெரியும் என்று இருக்கும். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் இருக்கும் நமக்கு அது ஏப்ரல் நள்ளிரவில் உச்சியிலிருந்து 20 பாகைக்குள், சற்று வடக்கே நிற்கிறது. தொலைநோக்கியில் ஒரே புள்ளிதான். அது இரட்டை விண்மீன் என்று 1890-இல் ஜெர்மன் வானியலாளர் ஃபோகல் கண்டுபிடித்தது, அதன் ஒளியை நிறங்களாகப் பிரித்த நிறமாலையை வைத்துத்தான். இரண்டும் ஒன்றையொன்று சுற்றி வர 4.0145 நாள் ஆகிறது. விண்மீன் நம்மை நோக்கி வரும்போதும் விலகும்போதும் நிறமாலையின் கோடுகள் இடம் நகரும், அந்த நகர்விலிருந்துதான் வேகத்தை அளக்கிறோம்.

அந்தக் கால அளவிலேயே முதல் பொறி இருக்கிறது. நாலு நாளுக்கு ஒருமுறை இரவு 9 மணிக்கு நிறமாலைப் படம் எடுத்தால், ஏறக்குறைய அதே நிலையைத்தான் திரும்பத் திரும்பப் பார்ப்பீர்கள். வித்தியாசம் 21 நிமிடம் மட்டும். ‘கோடு நகரவே இல்லையே’ என்று தோன்றும். தினமும் 9 மணிக்கு எடுத்தாலும் நாலே நிலைகள்தான் கிடைக்கும். ஒரே இரவில் 8 மணிக்கு ஒன்று, விடியற்காலை 3 மணிக்கு ஒன்று என்று எடுத்தால், நேரத்துக்கு எதிராக வேகத்தைக் காட்டும் வளைவு நிரம்பும். நேரத்தை உலக நேரத்தில் குறியுங்கள், அதாவது நம் கடிகார நேரத்திலிருந்து 2 மணியைக் குறைத்து.

அடுத்தது பெரிய தவறு. பூமி நொடிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் சூரியனைச் சுற்றுகிறது. சித்திரை அந்தப் பாதையின் தளத்திலிருந்து 2 பாகைதான் விலகியிருக்கிறது. அதனால் பூமியின் வேகம் ஏறக்குறைய முழுதாகவே நம் அளவீட்டில் ஏறிவிடும். சித்திரை மாதப் பிறப்பை ஒட்டி, பூமியின் வேகத்தை நீக்கும் இந்தத் திருத்தம் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருக்கும். ஜூலையில் உச்சத்துக்குப் போகும். இரண்டு மாதப் படங்களையும் திருத்தாமல் ஒரே வரைபடத்தில் போட்டால், பெரிய விண்மீனின் நொடிக்கு 120 கிலோமீட்டர் வேகத்தில் கால்பங்கு அளவுக்குப் பிழை. வளைவு என்னவோ அழகாகத்தான் வரும், அதுதான் ஆபத்து.

கருவி விஷயம் சுருக்கமாக: மில்லிமீட்டருக்கு 100 கோடு கொண்ட மலிவான கிரேட்டிங் (ஒளியை நிறமாலையாக விரிக்கும் கோடிட்ட தகடு) சித்திரைக்கு உதவாது. ஹீலியத்தின் 6678 ஆங்ஸ்ட்ராம் (ஒளியின் அலைநீளத்தை அளக்கும் அலகு) கோடு இரண்டாகப் பிரியும்போதுகூட இடைவெளி சுமார் 7 ஆங்ஸ்ட்ராம்தான். அதற்கு ஒளி நுழையக் குறுகிய பிளவு வைத்த நிறமாலைமானி வேண்டும். அலைநீளம் தெரிந்த கோடுகளைத் தரும் ஒப்பீட்டு விளக்கின் படத்தை விண்மீனுக்கு முன்னும் பின்னும் எடுங்கள். குளிர ஆரம்பித்ததும் கருவி மெல்ல நகரும். லோட்ஷெட்டிங் (முறைவைத்த மின்வெட்டு) இரவில் வானம் அருமையாக இருட்டிவிடும், ஆனால் சுவரில் செருகிய ஒப்பீட்டு விளக்கும் அணைந்துவிடுமே!

அதே மலிவான கிரேட்டிங் சனியின் துணைக்கோள் டைட்டனுக்குப் போதும், மீத்தேன் வாயு ஒளியை விழுங்கும் அதன் இருண்ட பட்டைகள் அகலமானவை. 1944-இல் வானியலாளர் கைப்பர் அங்கே மீத்தேனைக் கண்டார். 6190, 7250, 8890 ஆங்ஸ்ட்ராம் பகுதிகளில் தேடலாம். ஆனால் 7200-ஐச் சுற்றி நம் காற்றின் நீராவியும் ஒளியை விழுங்குகிறது. டர்பன் கடற்கரையின் ஈரக்காற்றில் அங்கே பள்ளம் இல்லாமல் இருந்தால்தான் ஆச்சரியம். ஹைட்ரஜன் கோடு தெரிகிறதே என்று குதிக்கவும் வேண்டாம். அது டைட்டனில் பட்டுத் திரும்பிய சூரிய ஒளியின் கோடு. சூரியனைப் போன்ற ஒரு விண்மீனை அதே உயரத்தில் இருக்கும்போது எடுத்து, டைட்டனின் நிறமாலையை அதனால் வகுத்தால் சூரியக் கோடுகளும் பெரும்பாலான நீராவியும் ஒன்றாகக் கழியும்.

அப்புறம் சனி. அதன் வளிமண்டலத்திலும் மீத்தேன் இருப்பதால் சிதறி வரும் அதன் ஒளி எளிதில் ஏமாற்றும். டைட்டன் சனியிலிருந்து 3 கலை (ஒரு பாகையில் 60 கலை) தூரத்துக்கு மேல் அவ்வளவாகப் போவதில்லை. 16 நாள் சுற்றில் கிழக்கே ஒருமுறை, மேற்கே ஒருமுறை அந்த எல்லைக்கு வரும். அந்த நாட்களைத் தேர்ந்தெடுங்கள். பிளவு இல்லாத கிரேட்டிங் என்றால், நிறமாலை விரியும் திசை சனி–டைட்டன் கோட்டுக்குச் செங்குத்தாக வரும்படி திருப்புங்கள், இல்லாவிட்டால் ஒன்றின் மேல் ஒன்று விழும். பிறகு சனிக்கு மறுபக்கம், அதே தூரத்தில் உள்ள வெறும் வானத்தின் நிறமாலையையும் எடுத்துப் பாருங்கள். அங்கேயும் மீத்தேன் பள்ளம் இருந்தால் அது சனியின் ஒளி. டைட்டனின் அளவிலிருந்து அதைக் கழிக்க வேண்டும்.