ஓடும் பெல்ட்டில் எடை பார்க்கும் கருவியைச் சரிபார்ப்பது எப்படி

பினாங்கின் பிறை நகரில் மசாலைத்தூளை 500 கிராம் பொட்டலங்களாக அடைக்கும் ஒரு தொழிற்சாலையை எடுத்துக்கொள்வோம். தூள் நிரப்பும் இயந்திரத்துக்கும் பெட்டி கட்டும் மேசைக்கும் நடுவே ஒரு குட்டை பெல்ட் ஓடிக்கொண்டிருக்கும். அதைப் பொட்டலம் கடக்கும் அரை நொடிக்குள் அடியில் உள்ள லோட் செல் (எடையை உணரும் உறுப்பு) எடையைக் கணித்துவிட, குறைந்ததும் மிகுந்ததும் வரிசையிலிருந்து ஒதுக்கித் தள்ளப்படும். பல இடங்களில் பெல்ட்டை நிறுத்தி, ஓர் எடைக்கல்லை வைத்து, திரையில் சரியான எண் வந்ததும் சோதனை முடிந்ததாக எழுதிவிடுகிறார்கள். நின்ற நிலையில் சரியாகக் காட்டும் கருவி ஓடும்போது தவறிழைப்பதை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

முதலில் சுத்தம் செய்யுங்கள். நம் ஊர் ஈரக்காற்றில் மஞ்சளும் மிளகாய்த்தூளும் பெல்ட்டின் அடிப்பக்கத்திலும் உருளைகளிலும் பிசின்போல ஒட்டிக்கொள்ளும். துடைத்தபின் கருவியை அரைமணி நேரம் வெறுமனே ஓடவிட்டு, திரையில் சுழியம் (0) நிலையாக நிற்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலான கருவிகள் பெல்ட் காலியாக இருக்கும் இடைவெளியில்தான் சுழியத்தைத் தாமே திருத்திக்கொள்ளும் என்பதால், இடைவெளியே இல்லாமல் பொட்டலங்களை நெருக்கி அனுப்பும் வரிசையில் அந்தத் திருத்தம் நடக்காமலே போய்விடும்.

சுழியம் ஆடினால், பக்கத்து இயந்திரங்களை ஒவ்வொன்றாக நிறுத்தி அதிர்வு எங்கிருந்து வருகிறது என்று தேடுங்கள். முன்பெல்ட்டின் சட்டம் எடை பெல்ட்டின் சட்டத்தைத் தொடக்கூடாது. காற்றையும் மறக்காதீர்கள். ஒரு தொழிற்சாலையில் மதிய வேளையில் மட்டும் நல்ல பொட்டலங்கள் ஒதுக்கப்பட்டு வந்தன. இரண்டு நாள் லோட் செல்லைச் சந்தேகித்த பிறகுதான், வெயில் ஏறியதும் தொழிலாளர்கள் தங்கள் பக்கம் திருப்பிவைத்த மின்விசிறியின் காற்று பெல்ட்டின்மீது வீசியதைக் கண்டுபிடித்தோம்.

வெளிநாட்டிலிருந்து வந்த கருவியானால் இன்னொன்றும் உண்டு. புவியீர்ப்பு இலண்டனில் இருப்பதைவிடப் பினாங்கில் ஏறத்தாழ 0.3 விழுக்காடு குறைவு. லோட் செல் அளப்பது ஈர்ப்பு விசையைத்தான் என்பதால், அங்கே அளவு திருத்திய கருவியை அப்படியே இங்கே வைத்தால், 500 கிராமுக்கு ஒன்றரை கிராம் குறைவாகக் காட்டும். (இரு தட்டுத் தராசுக்கு இந்தத் தொல்லை இல்லை, எந்த ஊரானாலும் இரு தட்டும் ஒரே அளவில்தான் இழுபடும்.) எனவே நிறுவிய இடத்திலேயே எடைக்கல் வைத்து அளவு திருத்த வேண்டும்.

இனி முக்கியமான சோதனை. பெல்ட் 40 செ.மீ., பொட்டலம் 20 செ.மீ., வேகம் நிமிடத்துக்கு 30 மீட்டர் என்றால், பொட்டலம் முழுமையாக எடை பெல்ட்டின்மேல் இருப்பது 0.4 நொடி மட்டுமே. அந்நேரத்தில் வேறு பொட்டலம் எதுவும் பெல்ட்டைத் தொடக்கூடாது என்பதால், நிமிடத்துக்கு 75 பொட்டலம் என்பது கணக்கின் எல்லை. நான் 60-ஐத் தாண்ட விடமாட்டேன். உங்கள் சொந்தப் பொட்டலம் ஒன்றை நம்பகமான மேசைத் தராசில் நிறுத்து, வழக்கமான வேகத்திலேயே 30 முறை அனுப்பி, ஒவ்வோர் அளவையும் குறித்துக்கொள்ளுங்கள். எடைக்கல்லை அனுப்புவது இதற்கு ஈடாகாது. தூள் பையின் உள்ளே புரளும், கல் புரளாது. மேசைத் தராசில் 512.0 கிராம் இருந்து, 30 அளவுகளின் சராசரி 513.1 என வந்தால், அந்த 1.1 கிராமை ஓட்டத் திருத்தமாகக் கருவியின் அமைப்பில் சரிசெய்துவிடலாம். ஆனால் அளவுகள் சிதறிக் கிடந்தால் எந்தத் திருத்தமும் உதவாது. அதற்குக் காரணம் அதிர்விலோ, வேகத்திலோ, பொட்டலம் பெல்ட்டில் ஏறும் இடத்தில் உள்ள மேடுபள்ளத்திலோ இருக்கும். திட்டவிலக்கம் (அளவுகள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறுகின்றன என்பதைக் காட்டும் எண்) 0.4 கிராம் என்றால், அதன் மும்மடங்கான 1.2 கிராமைக் கீழ் எல்லையின்மேல் காப்பாகச் சேருங்கள். வெறும் பை 8 கிராம் என்றால், எல்லை 500 + 8 + 1.2 = 509.2 கிராம் ஆகும்.

பொட்டலத்தை வரிசையிலிருந்து ஒதுக்கித் தள்ளும் இயந்திரக் கையையும் சோதியுங்கள். எடை குறைந்த பொட்டலம் ஒன்றை நல்லவற்றுக்கு நடுவே அனுப்பினால், அது மட்டுமே வெளியேற வேண்டும். வேகத்தை மாற்றிய ஒவ்வொரு முறையும் இதைத் திரும்பச் செய்வது நல்லது.

எடையை வைத்து விலை பேசும் கருவிகள் மலேசியாவின் 1972ஆம் ஆண்டு நிறுத்தல் அளத்தல் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவை. அவற்றின் முத்திரையை உங்கள் டெக்னீஷியனைக் கொண்டு உடைக்காதீர்கள். அங்கீகாரம் பெற்றவரை அழையுங்கள்.

ஒவ்வொரு சோதனையையும் நேரத்தோடு பதிவேட்டில் எழுதுங்கள். சோதனை தவறினால், கடைசியாகத் தேறிய நேரத்திலிருந்து கட்டிய பெட்டிகளையெல்லாம் ஒதுக்கிவைத்து மறுபடி நிறுக்க வேண்டியிருக்கும். நிமிடத்துக்கு 60 பொட்டலம் ஓடும் வரிசையில், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை சோதித்தால் அது 7,200 பொட்டலம். அரைமணிக்கு ஒருமுறை சோதித்தால் 1,800.