அறைக்கு எடுப்பான நிறம் சேர்ப்பது எப்படி: வேலூர் வெயிலுக்கேற்ற செய்முறை

வெளிர்நிற அறையில் ஓரிரு இடங்களுக்கு மட்டும் அழுத்தமான நிறம் தருவதற்கு, உள் அலங்கார வேலை செய்பவர்கள் 60, 30, 10 என்றொரு கணக்கு வைத்திருக்கிறார்கள். சுவர் முதலான பெரும்பரப்புக்கு 60 பங்கு, திரைச்சீலை, சோபா போன்றவற்றுக்கு 30, எடுப்பான நிறத்துக்கு 10.

முதல் வேலை, வெளிச்சத்தைக் கவனிப்பது. வேலூர் சத்துவாச்சாரியில் நான் குடியிருந்த வீட்டில், மேற்கு சன்னலுக்கு எதிர்ச்சுவர் முழுவதும் ஆரஞ்சு அடித்தேன். கத்திரி வெயில் காலத்தில் மாலை நான்கு மணிக்கு அந்த நிறம் பக்கத்து வெள்ளைச் சுவர்களிலும் ஏறி, அறையே செங்கல் சூளைபோல் தெரிந்தது. அத்தகைய சுவருக்கு நீலமோ பச்சையோ பொருந்தும். வெயில் எட்டாத வடக்கு அறைக்கு மஞ்சளும் காவியும் நன்றாக இருக்கும்.

அடுத்து, நிறத்தைக் கடை அட்டையில் தேடாமல் வீட்டிலுள்ள பொருளிலிருந்து எடுங்கள். ஆரணிப் பட்டின் கரையோ, கரிகிரி மண்பாண்டத்தின் மெருகுப் பச்சையோ போதும். ஒரே நிறம்தான்; இரண்டாவதுக்கு இப்போது ஆசைப்பட வேண்டாம்.

மூன்றாவதாக, பெயின்ட் வாங்குமுன் துணியில் சோதியுங்கள். குடியாத்தம் கட்டம்போட்ட லுங்கி ஒன்றில் 16 அங்குல மெத்தை உறைகள் குறைந்தது மூன்று தைக்கலாம். பத்து நாள் பார்த்தும் கண்ணுக்கு அலுக்கவில்லையென்றால் மேலே செல்லலாம்.

சுவரில்தான் தொடக்கநிலையினர் அளவு மீறுகிறார்கள். 10க்கு 12 அடி அறையில், 10 அடி உயரத்துக்கு, நான்கு சுவர்களும் சேர்ந்து 440 சதுர அடி. சிறிய சுவர் ஒன்றே 100 சதுர அடி, அதாவது ஏறக்குறைய கால்பங்கு. எனவே முழுச்சுவரை விட்டுவிட்டு, மாடத்தின் உட்புறத்தையோ திறந்த அலமாரியின் பின்பக்கத்தையோ தேர்ந்தெடுங்கள். 3க்கு 4 அடி அலமாரி 12 சதுர அடிதான், ஆனால் அதன் முன் வைக்கும் பித்தளைக் குத்துவிளக்கை எடுத்துக் காட்டும். முதலில் 2 அடி சதுர அட்டையில் இரண்டு கோட் அடித்து, உலர்ந்தபின் பகல் வெளிச்சத்திலும் இரவு விளக்கிலும் அதே இடத்தில் சாய்த்துப் பாருங்கள், ஏனெனில் 6500 கெல்வின் எனக் குறித்த, நீலச்சாயல் கொண்ட வெள்ளை எல்இடியில் காவி சற்று மங்கித் தெரியும்.

பிறகு பரப்பை உப்புத்தாளால் தேய்த்து, தூசு துடைத்து, பிரைமர் எனும் அடிப்பூச்சு ஒன்றும் பெயின்ட் இரண்டு கோட்டும் அடியுங்கள். ஓரத்தில் ஒட்டிய டேப்பைப் பெயின்ட் முழுதும் காயுமுன் உரித்துவிட வேண்டும். மிஞ்சிய பெயின்ட்டை டப்பாவில் இறுக மூடி, மேலே ஷேட் எண்ணை எழுதி வையுங்கள். பாத்திரம் உரசிய இடத்தை அதைக்கொண்டு சரிசெய்யலாம்.