லாரியில் கால்நடை ஏற்றும் செலவை முன்கூட்டியே கணக்கிடுவது எப்படி

கிலோமீட்டர் வாடகையைத் தூரத்தால் பெருக்கி, மாட்டின் எண்ணிக்கையால் வகுத்தால் தலைக்கு இவ்வளவு என்று வந்துவிடும். சிமெண்ட் மூட்டைக்கு இந்தக் கணக்கு போதும். உயிருள்ள உருப்படிக்கு இது மூன்று இடங்களில் உதைக்கும். லாரி ஓடும் தூரம் நீங்கள் மனதில் வைத்திருக்கும் தூரம் அல்ல. லாரியில் பெரும்பாலும் முதலில் தீர்ந்துபோவது தரை, அதன் பிறகுதான் எடைத் தாங்கல். ஏற்றும்போது இருந்த எடை இறக்கும்போது இருக்காது.

கூலியும் விலையும் இடத்துக்கு இடம் மாறும். அதனால் இங்கே எல்லாச் செலவையும் டீசல் லிட்டரில், அதாவது அந்தப் பணத்துக்கு எத்தனை லிட்டர் டீசல் வாங்கலாம் என்று சொல்கிறோம். கூலி, தேய்மானம் போன்றவற்றுக்கு வைத்திருப்பவை எடுத்துக்காட்டு எண்கள் மட்டுமே. அங்கே உங்கள் எண்ணைப் போட்டுக்கொள்ளுங்கள்.

எத்தனை உருப்படி ஏறும்?

லாரி பாடியின் உள்ளளவை டேப் வைத்து எடுங்கள். வெளியளவை நம்பினால் பக்கப் பலகை, தடுப்பு எல்லாம் சேர்ந்து ஒரு மாட்டின் இடத்தையே தின்றுவிடும். உள்ளே 6 மீட்டர் நீளம், 2.3 மீட்டர் அகலம் என்றால் 13.8 சதுர மீட்டர்.

ஒரு விலங்குக்கு வேண்டிய தரையைக் காண ஒரு சூத்திரம் உண்டு: கிலோவில் உள்ள எடையை 0.67 அடுக்குக்கு உயர்த்தி, 0.021ஆல் பெருக்க வேண்டும். செல்போனில் உள்ள கால்குலேட்டரே போதும். 400 கிலோ மாட்டுக்கு 1.16 சதுர மீட்டர் வரும். 100 கிலோ பன்றிக்கு 0.46, மயிர் கத்தரித்த 40 கிலோ செம்மறிக்கு 0.25. மயிர் கத்தரிக்காத செம்மறி, கொம்புள்ள மாடு, சினை உருப்படி ஆகியவற்றுக்குக் குறைந்தது பத்து சதவீதமாவது கூட்டுங்கள். உங்கள் நாட்டுச் சட்டம் இதைவிட அதிக இடம் கேட்டால் அந்த அளவைத்தான் எடுக்க வேண்டும்.

நம் லாரியில் 13.8ஐ 1.16ஆல் வகுத்தால் 11.9. அதாவது 11 மாடு, 12 அல்ல. மொத்தம் 4,400 கிலோ. பன்றி என்றால் 30, அதாவது 3,000 கிலோ. செம்மறி 55 ஏறும், ஆனால் 2,200 கிலோதான். லாரியும் தூரமும் ஒன்றே, ஆனாலும் ஒரு கிலோவுக்கு விழும் வாடகை மாட்டைவிட ஆட்டுக்கு இரண்டு மடங்கு. ஆட்டுக்கும் பன்றிக்கும் இரண்டு தட்டு வைத்த லாரி தேடுவது இதனால்தான். தட்டுக்கும் தலைக்கும் நடுவே காற்று ஓட இடம் இல்லாவிட்டால் அந்த லாபம் வெப்பத்தில் போய்விடும்.

எடையையும் ஒருமுறை சரிபாருங்கள். லாரி தாங்கும் எடையிலிருந்து தடுப்பு, ஏற்றுப்பலகை, படுக்கை, தண்ணீர் டிரம் எல்லாவற்றையும் கழித்த பிறகு 4,400 கிலோ மிஞ்ச வேண்டும்.

11.9தானே, பன்னிரண்டாவதை நெருக்கி ஏற்றிவிடலாம் என்று தோன்றும். நெருக்கத்தில் ஒரு மாடு கால் வழுக்கி விழுந்தால் எழ இடம் இருக்காது, மற்றவை மிதித்துவிடும். நெருக்கி ஏற்றியதால் மிச்சம் ஒரு மாட்டின் வாடகை. கீழே வரும் கணக்கில் அது ஏறக்குறைய 23 லிட்டர். ஒரு மாட்டின் மதிப்போ, உயிர் எடை கிலோவுக்கு 2 லிட்டர் வீதம், 800 லிட்டர். 35 நடைக்கு ஒரு மாடு போனால் அதுவரை மிச்சம் பிடித்த அத்தனையும் போயிற்று.

இடம் அதிகமாக இருந்தாலும் ஆபத்துதான். பிரேக் பிடிக்கும்போது உருப்படிகள் முன்னால் சரிந்து மோதும். ஏழு மாடு மட்டும் போகிறதென்றால் தடுப்பை நகர்த்தி அவற்றை ஒரு பகுதிக்குள் நிறுத்துங்கள். தடுப்பு நகராத லாரி மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

எத்தனை கிலோமீட்டர், எத்தனை மணி?

பண்ணையிலிருந்து இறக்கும் இடம் 180 கி.மீ. லாரி நிற்கும் ஷெட்டிலிருந்து பண்ணை 35 கி.மீ. இறக்கிவிட்டு ஷெட் திரும்ப 190 கி.மீ. ஆக 405 கி.மீ. ஓடுகிறது. சாதாரணச் சரக்கு லாரிக்கு ரிட்டன் லோடு கிடைக்கும். சாணம் படிந்த லாரியில் யார் அரிசி ஏற்றுவார்கள்? காலி ஓட்டத்தை முழுதாகக் கணக்கில் சேர்த்துவிடுங்கள். ரிட்டன் லோடு கிடைத்தால் அது லாபம்.

சுமையோடு லிட்டருக்கு 5 கி.மீ. என்றால் 180க்கு 36 லிட்டர். காலியாக 6.5 என்றால் 225க்கு 35 லிட்டர். நெரிசல், மேடு, நின்றபடி ஓடும் இன்ஜினுக்குச் சேர்த்து 75 லிட்டர் என்று வையுங்கள்.

நேரக் கணக்கில்தான் பலர் ஏமாறுகிறார்கள். வரைபடம் காட்டுவது கார் ஓடும் நேரம். மாடு நிற்கும் லாரி வளைவில் மெதுவாகத் திரும்ப வேண்டும், பிரேக்கை முன்கூட்டியே மெல்ல மிதிக்க வேண்டும். ஏற்ற 1 மணி, சுமையோடு ஓட்டம் 4 மணி, கிளம்பிய அரை மணிக்குள் ஒருமுறையும் இடையில் ஒருமுறையும் நின்று உருப்படிகளைப் பார்க்க அரை மணி, இறக்க 45 நிமிடம், கழுவி மருந்தடிக்க ஒன்றரை மணி, காலி ஓட்டம் நாலரை மணி. எல்லாம் சேர்த்து 12 மணிக்கு மேல். டிரைவருக்கும் உடன் வரும் ஆளுக்கும் கூலி அந்த நாலு மணிக்கு அல்ல, இந்த 12 மணிக்கு.

ஏற்ற ஒரு மணி என்பதும் ஏற்றுமேடை இருந்தால்தான். சாய்வு அதிகமானால் மாடு காலை ஊன்றி நின்றுவிடும். ஐரோப்பிய ஒன்றிய விதியில் பெரிய மாட்டுக்கும் செம்மறிக்கும் உச்சச் சாய்வு ஏறக்குறைய 26 டிகிரி, பன்றிக்கும் கன்றுக்கும் 20. பலகையில் குறுக்குச் சட்டம் இருக்கட்டும், லாரிக்குள் வெளிச்சம் இருக்கட்டும். வெளிச்சத்திலிருந்து இருட்டுக்குள் மாடு எளிதில் நுழையாது. ஒரு மாடு அடம் பிடித்து முக்கால் மணி போனால் அதற்கு வெயிட்டிங் கட்டணம் கொடுப்பது நீங்கள்தான்.

கூட்டிப் பார்ப்போம்

- டீசல்: 75
- டிரைவர், உதவியாள் கூலி, பேட்டா: 40
- லாரியின் ஒரு நாள் நிலையான செலவு (தவணை, காப்பீடு, வரி): 45
- டயர், ஆயில், பழுது, 405 கி.மீ.க்கு: 24
- டோல்: 15
- மரத்தூள் அல்லது வைக்கோல், கழுவுதல், கிருமிநாசினி: 8
- ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி: 10
- கால்நடை மருத்துவர் சான்று, அனுமதித் தாள்கள்: 12

மொத்தம் 229 லிட்டர். லாரிக்காரர் லாபம் 12 சதவீதம் சேர்த்தால் 256. 11 மாட்டுக்கு வகுத்தால் தலைக்கு 23.3, ஏழே மாடு போனால் தலைக்கு 36.6. லாரியின் செலவு ஏறக்குறைய அதேதான். பாதி லோடு வைத்திருப்பவர்கள் பக்கத்துப் பண்ணையோடு சேர்ந்து ஏற்றலாம். ஆனால் முன்பின் பழகாத காளைகளை ஒரே அறையில் விட்டால் முட்டிக்கொள்ளும்; தடுப்பு கட்டாயம். நோய்ச் சான்றும் இரு பண்ணைக்கும் தனித்தனியாக வேண்டும்.

பில்லில் வராத செலவு

400 கிலோ மாடு 5 சதவீதம் எடை குறைந்தால் 20 கிலோ. உயிர் எடை கிலோவுக்கு இரண்டு லிட்டர் டீசல் விலை என்று வைத்தால் 40 லிட்டர். அதாவது தலைக்கு விழுந்த லாரி வாடகையைவிட அதிகம். வாடகைக்கு இரண்டு நாள் பேரம் பேசுகிறவர்கள் இந்த வரியைத் தாளில் எழுதுவதே இல்லை.

குறைவது பெரும்பாலும் வயிற்றில் இருக்கும் தீவனமும் நீரும்தான். சாணமாகவும் மூத்திரமாகவும் முதல் சில மணி நேரத்தில் வேகமாகப் போகும். நெடும்பயணத்தில் உடம்பின் தசை நீரும் குறையத் தொடங்கும். அப்போது 8 முதல் 10 சதவீதம் வரை இழப்பு வரலாம். வளர்ப்புக்குப் போகும் மாடு தின்று குடித்து ஓரளவு மீட்டுக்கொள்ளும். இறங்கியவுடன் எடைபோட்டு விற்றால் அது நேரடி நஷ்டம். அதனால் எந்த எடையில் பணம் என்பதை, ஏற்றும் எடையா இறக்கும் எடையா என்று, வாடகை பேசுவதற்கு முன்பே வாங்குபவரிடம் முடிவு செய்யுங்கள்.

பச்சைப் புல் தின்ற மாடு உலர்தீவனம் தின்றதைவிட அதிகம் இழக்கும். முந்தின நாள் உலர்தீவனத்துக்கு மாற்றுங்கள். தண்ணீரை நிறுத்தவே கூடாது. பன்றிக்குப் பயணத்தில் வாந்தி வரும் என்பதால் தீவனத்தைச் சில மணி முன்பே நிறுத்த வேண்டும். தண்ணீர் அதற்கும் உண்டு.

வெயிலில் ஓடும் லாரியைவிட நிற்கும் லாரிதான் கொல்லும். காற்றோட்டம் நின்றதும் உள்ளே சூடு சட்டென ஏறும். பன்றிக்கு வியர்வை மிகக் குறைவு, தாங்காது. இரவுப் பயணத்துக்குக் கூலி கொஞ்சம் கூடினாலும் கொடுக்கலாம். காப்பீட்டில் விபத்து மட்டும் சேர்ந்திருக்கிறதா, வெப்பத்தால் சாவதும் சேர்ந்திருக்கிறதா என்று வரி வரியாகப் படியுங்கள்.

தூரம் கூடும்போது

செலவு தூரத்தோடு நேர்க்கோட்டில் ஏறாது. ஓர் இடத்தில் படி போல் எகிறும். ஐரோப்பிய ஒன்றியத்தில் சாதாரண வண்டிக்குப் பயண நேர எல்லை 8 மணி. தண்ணீரும் காற்றோட்டமும் பொருத்திய வண்டியில் பெரிய மாட்டை 14 மணி ஓட்டி, 1 மணி ஓய்வு கொடுத்து, மறுபடி 14 மணி ஓட்டலாம். பிறகு இறக்கி 24 மணி ஓய்வு. அமெரிக்காவில் 28 மணிக்குள் இறக்கித் தீவனம், தண்ணீர், குறைந்தது 5 மணி ஓய்வு தர வேண்டும். எல்லையைத் தாண்டும் அரை மணிக்காக ஒரு முழு நாளின் கொட்டகை வாடகை, தீவனம், இரண்டாவது ஏற்றுக்கூலி, லாரியின் நிலையான செலவு எல்லாம் சேரும். எல்லைக்கு அருகில் வரும் பயணம் என்றால் வழியையோ புறப்படும் நேரத்தையோ மாற்றிப் பாருங்கள்.

விலை கேட்கும்போது எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேளுங்கள்: கி.மீ. எங்கிருந்து எண்ணப்படுகிறது? காலி ஓட்டம் சேர்ந்ததா? டோலும் கழுவும் செலவும் யார் தலையில்? எத்தனை மணி வரை வெயிட்டிங் இலவசம்? வழியில் லாரி பழுதானால் மாற்று லாரி எத்தனை மணிக்குள் வரும், அதன் செலவு யாருடையது? கடைசிக் கேள்விக்கு மழுப்பலாகப் பதில் வந்தால், அவர் சொன்ன விலை குறைவாக இருந்தாலும் அடுத்தவரைக் கேளுங்கள்.